முதலிலிருந்து படிக்கச் சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மேடத்தின் தம்பி அவர்களே, சக ஊழியர்களே, மாணவ மாணவியரே, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கும் பழைய மாணவர்களே, உட்காரச் சொல்லியும் உட்காராமல் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் கண்டக்டர் ஐயா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. இருபத்தாறு ஆண்டுகளாக இந்தக் கல்லூரி நூலகத்தில் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே பிழைத்தவன் நான். என்னைப் பிடித்து இந்த இரங்கல் கூட்டத்தில் மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் மேடத்தைக் கடல் என்றார்கள், மலை என்றார்கள், கலங்கரை விளக்கம் என்றார்கள். இருக்கலாம். நான் பார்த்தது முதல் மாடியில் படிக்கட்டுக்கு வலப்பக்கம், மின்விசிறி ஓடினால் 'கடக் கடக்' என்று அடித்துக்கொள்ளும் ஓர் அறையை. அதில் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மேசை முழுக்க அதையே தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவை. அவரைப் பற்றித்தான் என்னால் பேச முடியும். இந்தப் பத்து நாளில் நான் சரியாகத் தூங்கவில்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத் துறைத் தலைவர், பேராசிரியர், முனைவர். இவையெல்லாம் அவர் அறைக் கதவில் இருந்த பலகையில் இருந்தவை. நீங்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. 'முதல்லேர்ந்து மேடம்.' யார் என்ன சந்தேகம் கேட்டாலும் "முதல்லேர்ந்து படிங்க" என்பார். தேர்வுக்கு முதல் நாள் போய்க் கேட்டாலும் அதுதான் பதில். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா? தெரியும். பிடிக்கவும் பிடிக்கும்.

இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் ஓர் அமெரிக்க நாவல் இருந்தது. எங்கள் காலத்துக்கு முந்தியது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறுகிறான். ஊர் ஊராகத் திரிகிறான். பெரியவர்கள் யாரையும் நம்ப மாட்டான். வாயைத் திறந்தால் வசவு. அது எழுதப்பட்ட நாட்டிலேயே அதைப் பள்ளிகளிலிருந்து தூக்கினார்கள், திரும்ப வைத்தார்கள், மறுபடியும் தூக்கினார்கள். மேடம் அந்தச் சண்டையையும் சேர்த்தேதான் பாடம் நடத்தினார். முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்க மாட்டார். அதன்மேல் வந்த குற்றச்சாட்டுகளைக் கரும்பலகையில் எழுதுவார். கெட்ட வார்த்தை, குடி, மரியாதை இல்லாமை, பிள்ளைகள் மனதைக் கெடுப்பது. எழுதிவிட்டு, "இதுல எது நெஜம், எது இல்லைன்னு புத்தகம் முடிஞ்சப்புறம் எனக்குச் சொல்லுங்க. இப்ப சொல்லாதீங்க" என்பார்.

இந்த நாவலுக்கும் எனக்கும் உள்ள உறவு வேறு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால், அப்போதிருந்த நிர்வாகத்துக்கு முதல் புகார் வந்தது. புத்தகத்தை எடுத்தால் மேடம் சண்டைக்கு வருவார். எடுக்காவிட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்று ஒரு பட்டியல் தட்டச்சு செய்து என்னிடம் கொடுத்தார்கள். நாற்பது வரி. நூலகத்தில் நாற்பத்து மூன்று பிரதிகள். கறுப்பு மை பேனாவை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையையும் அடித்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரலில் ஒரு வாரம் கறுப்புப் போகவில்லை.

என்ன நடந்தது தெரியுமா? மாணவர்கள் பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். நான் அடித்த மையையும் தாண்டி எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அதுவரை அந்தப் புத்தகத்தை எடுக்க வருடத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். அந்த மாதம் வேதியியல் மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். எங்கே தேட வேண்டும் என்று நானே கோடு போட்டுக் கொடுத்திருந்தேன் அல்லவா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய், பூசணிக்காய் வியாபாரியாகவே ஆகிவிட்டேன்.

மேடம் என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் ஒரு பிரதியை எடுத்து ஜன்னலோரம் போய்ப் பிடித்துப் பார்த்தார். "நான் தொண்டை கிழியக் கத்தியும் படிக்காத பசங்கள நீங்க படிக்க வெச்சிட்டீங்க சார்" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். "அடிக்கச் சொன்னவங்களும் அந்த நாப்பது வரியத்தான் படிச்சாங்க. இப்ப பசங்களும் அந்த நாப்பது வரியத்தான் படிக்கிறாங்க. மீதிய யாரு சார் படிக்கிறது?"

நண்பர்களே, புதன்கிழமை வழக்கம் அந்தக் கேள்வியில்தான் பிறந்தது. பாடக்குழுவில் போராடி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். ஒரு புத்தகத்தின்மேல் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தவர் அதை முழுதும் படித்து முடிக்கும் வரை குழு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. தனியாகப் படிக்கச் சொல்லவில்லை. புதன்கிழமை மூன்று மணிக்கு அவருடைய அறையில், அவரோடு உட்கார்ந்து. ஆங்கிலம் வராதவருக்கு அவர் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வார். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

யாருக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது? ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்: "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. நான் எதுக்கும்மா முழுசாப் படிக்கணும்?" மேடம் சொன்னார்: "சோத்துக்கு அது சரிங்க. உங்க பையன யாராவது ஒரே ஒரு நாள் பாத்துட்டு, இவன் இப்படித்தான்னு எழுதி வெச்சா ஒத்துக்குவீங்களா?" பெரியவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஐந்து மாதம் வந்தார்.

அதற்காக மேடம் எல்லோரையும் மாற்றிவிட்டார் என்று நான் கதை விட மாட்டேன். ஆறு பேர் வந்தார்கள். இரண்டு பேர் புகாரைத் திரும்பப் பெற்றார்கள். மூன்று பேர் முழுதும் படித்துவிட்டு, "இப்பவும் வேண்டாம்னுதான் சொல்றோம்" என்றார்கள். அந்தப் பெரியவரும் அதில் ஒருவர். அவர்களுக்கும் மேடம் எழுந்து நின்று கை கொடுத்தார். அவர்கள் சொன்ன காரணங்களை அடுத்த ஆண்டு கரும்பலகையில் எழுதினார்.

ஆறாவது புகார் ஒரு மாணவியுடையது. இந்த அரங்கில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். "இந்தக் கதையில வர்ற பொண்ணுங்க யாருக்குமே ஒரு வார்த்தை பேச இடமில்ல மேடம். அதப் பத்தி நீங்க ஒரு நாளும் வகுப்புல கேட்டதில்ல" என்று எழுதிக் கொடுத்தார். மேடத்துக்குக் கோபம் வந்தது. ஆம், வந்தது. "என்கிட்டயே வந்து சொல்லுது பாருங்க" என்று நூலகத்தில் வந்து பொரிந்து தள்ளினார். அவரும் மனிதர்தானே? ஆனால் புதன்கிழமை வந்தது. இரண்டு பேரும் படித்தார்கள். கடைசிப் புதன்கிழமை வெளியே வந்த மேடத்தின் முகம் வாடியிருந்தது. "பதினெட்டு வருஷமா நடத்துறேன் சார். எனக்குத் தோணவே இல்ல" என்றார். அந்த ஆண்டுத் தேர்வில் முதல் கேள்வியே அதுதான். அந்த மாணவி புகாரைத் திரும்பப் பெற்றார்.

ஏழாவது புகார் கண்டக்டர் ஐயா கொடுத்தது. அவர் மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மகன் பையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மறுநாளே வந்துவிட்டார். "நான் பத்தாவதோட நின்னவன். ராத்திரி பகல்னு வண்டியில நின்னு இவன படிக்க வெக்கிறேன். இதுக்கா?" அந்தக் கேள்வியில் என்ன தவறு? ஒரு தவறும் இல்லை. மேடம் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பணிநேரம் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு அவர் வந்தார். சீருடையோடு வந்தார். சில நாள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே தூங்கிப் போவார். மேடம் எழுப்ப மாட்டார். விழித்ததும், விட்ட வரியிலிருந்து தொடர்வார். நூற்றிருபதாம் பக்கம் வரை வந்திருந்தார்கள். அப்போதுதான் மேடத்தை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

இனி நான் சொல்லப் போவதைக் கேட்டால், என்னை ஏன் மேடையேற்றினோம் என்று சிலர் வருந்தலாம்.

அந்த வாரம் யாரோ ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக் கைபேசியில் பரப்பிவிட்டார்கள். அலுவலகத்தில் போன் ஓயவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முதல்வர் ஐயா என்னை அழைத்தார். பாடக்குழுவின் செயலாளர் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு புத்தகம் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. "மேடம் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம் சார். அவங்க வந்தா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க" என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். பேனா என் கையில்தான் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன்? பயமா? இல்லை. கொள்கையா? அதுவும் இல்லை. களைப்பு. ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கிறது. மறுபடியும் புகார், மறுபடியும் கூட்டம், மறுபடியும் புதன்கிழமை. எனக்குப் போதும் என்று இருந்தது. எஞ்சியிருந்த முப்பத்தோரு பிரதிகளையும் இரண்டு அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி, மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

மறுநாள் மேடத்தைப் பார்க்கப் போனேன். தம்பி அப்போது அங்கேதான் இருந்தார், அவருக்குத் தெரியும். மேடம் ஆக்சிஜன் குழாய்க்கு நடுவே என்னைப் பார்த்தார். உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "புத்தகம் இருக்கா சார்?" என்று கேட்டார். "இருக்கு மேடம்" என்றேன். "கண்டக்டர்கிட்ட சொல்லுங்க, வந்துடுவேன்னு" என்றார். இரண்டு நாளில் போய்விட்டார். நான் அவரிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை பொய்.

போன புதன்கிழமை மூன்று மணிக்குக் கண்டக்டர் ஐயா வந்தார். வெளியூர் வண்டியிலிருந்து நேராக, விஷயம் தெரியாமல் வந்தார். பூட்டிய கதவின் முன்னால் நின்றிருந்தவரை நான்தான் நூலகத்துக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு ஆறுதல் என்று நினைத்து, "உங்க புகார ஏத்துக்கிட்டாங்க. புத்தகத்த எடுத்தாச்சு" என்றேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. "நான் இன்னும் முடிக்கலையே சார்" என்றார். பிறகு கேட்டார்: "அந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பிப் போனானா இல்லையா? அத மட்டுமாவது சொல்லுங்க."

பெரியோர்களே, எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் புத்தகத்தைக் காத்தவன் நான். அதில் மை அடித்தவன் நான். அதை வெளியேற்றக் கையெழுத்துப் போட்டவன் நான். அதை ஒரு நாளும் நான் கடைசி வரை படித்ததில்லை. பட்டியலில் இருந்த நாற்பது வரி எனக்கு மனப்பாடம். பையன் வீட்டுக்குப் போனானா என்று கேட்டால் தெரியவில்லை. ஒரு பஸ் கண்டக்டரின் முன்னால், என் சொந்த நூலகத்தில், நான் தலைகுனிந்து நின்றேன்.

மேடத்தின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் உறுதி எடுத்தார்கள். எனக்கு அவ்வளவு பெரிய உறுதி எடுக்கத் தெம்பில்லை. என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

இன்று காலை பெட்டிகளைப் பிரித்துவிட்டேன். முப்பத்தோரு பிரதிகளும் பழைய அலமாரியில் இருக்கின்றன. நான் மேடத்திடம் சொன்னது இன்று காலை பத்தரை மணி முதல் பொய்யில்லை. என் கையெழுத்தைத் திரும்பப் பெறும் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. புகார் கொடுத்தவர் இன்னும் படித்து முடிக்கவில்லை. ஆகவே குழு முடிவெடுக்கக் கூடாது. தீர்மானம் அப்படித்தான் சொல்கிறது. நாளை குழு கூடும்போது இதையேதான் சொல்வேன்.

கண்டக்டர் ஐயா, புதன்கிழமை வாருங்கள். மேடம் மாதிரி எனக்கு ஆங்கிலம் வராது, அகராதியை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறித்தான் சொல்வேன். இன்னும் தொண்ணூறு பக்கம் இருக்கிறது. வாரத்துக்கு ஆறு பக்கம் படித்தால், நான் ஓய்வு பெறுவதற்குள் முடித்துவிடலாம். முடித்த பிறகும் உங்களுக்கு அது வேண்டாம் என்று தோன்றினால், உங்கள் புகாரை நானே குழுவில் வாசிக்கிறேன். எழுந்து நின்று உங்களுக்குக் கையும் கொடுப்பேன்.

மேடத்தின் அறைச் சாவி இப்போது முதல்வர் ஐயாவின் மேசை இழுப்பறையில் இருப்பதாகச் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன் ஐயா. நீங்கள் தருவீர்கள் என்று எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் இத்தனை பேர் முன்னிலையில் கேட்பேனா?