ஏழு சாக்கு மொச்சை

இல்ல தரகரே, அன்னைக்கு விலை பேசினப்ப நாலு பேர் இல்ல. சரியா எண்ணுங்க. பெரிய தம்பி, அவன் பொண்டாட்டி, சின்னத் தம்பி, நீங்க. அப்புறம் கதவோரமா முக்காலியில நான். ஆக அஞ்சு. டீ மட்டும் நாலு கிளாஸ் வந்துச்சு. அதுல உங்களுக்குக் கணக்கு தப்பியிருக்கும்.

உக்காருங்க. தராசை அப்புறம் மாட்டிக்கலாம். தம்பிங்க ரெண்டு பேரும் லாரியைச் சந்துக்குள்ள திருப்பி விட்டுட்டு வர நேரமாகும்.

நாத்தம்தான். வேப்பெண்ணெய். மூக்கைப் பொத்திக்கிட்டே கேளுங்க, எனக்கு வருத்தமில்ல. நாலு பேர் முன்னாடின்னா எனக்கு நாக்கு எழும்பாது. இப்ப நீங்க ஒருத்தர்தானே, அதான் பேசறேன்.

எங்க வீட்டுல மொச்சையை ரெண்டா பிரிப்போம். விக்கிறது சாக்குல. அதுக்குக் கடலெண்ணெய் பூசுவேன். விதைக்கு வைக்கிறது அந்த நீல டிரம்முல. அதுக்கு மட்டும் வேப்பெண்ணெய். எதுக்கா? என்ன தரகரே, இத்தனை வருஷமா மொச்சை வாங்கறீங்க. வண்டு வந்து தோல்மேல முட்டையை ஒட்டிட்டுப் போகும், வெள்ளைப் புள்ளியா. புழு அப்படியே துளைச்சு உள்ள போயிடும். வண்டா வெளிய வரும்போது மொச்சைல ஒரு ஓட்டை, உள்ள வெறும் மாவு. எண்ணெய் பூசிட்டா முட்டைக்கு மூச்சு முட்டிப் போயிடும். கிலோவுக்கு ரெண்டு ஸ்பூன். மூணு போட்டா பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு முளைப்பு குறையும். ஒண்ணு போட்டா வண்டு நம்மளப் பாத்து சிரிக்கும்.

ஆமா, டிரம்முலேர்ந்துதான் நாத்தம் வருதுன்னு நெனச்சீங்க. மூடியைத் தூக்கிப் பாருங்க. காலி. அதையும் சாக்குல கொட்டியாச்சு.

மறந்துட்டீங்களா? பெரியவன் என்ன சொன்னான் அன்னைக்கு? விதைகூட வேணாம், மொத்தமா எடுத்துக்கங்கன்னான். விதை இல்லன்னா விதைப்பு இல்ல. விதைக்கலன்னா நிலம் சும்மாதானே கெடக்குது, கேக்கறவங்களுக்கு வித்துடலாம்னு அடுத்த பேச்சு வரும். சின்னவன் வேற, அக்காவும் இனிமே ஓய்வா இருக்கட்டும்னான். அவன் பெரிய மனசு பாருங்க. அந்த நிலத்துல மூணுல ஒரு பங்கு எனக்கு. களை எடுக்கறதுல மூணு பங்கும் எனக்கு. முக்காலியில இருந்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, ஒருத்தராவது?

சரி, நீங்க கேக்க முடியாது. உங்களுக்கு டீ வந்துச்சு.

மறுநாள் நான்தான் பெரியவன்கிட்ட போனேன். லாரி வர்றதுக்குள்ள வண்டு விழுந்துடும்டா, எடை குறையும், எண்ணெய் பூசணும்னேன். எடைன்னதும் பதறிட்டான். பூசுக்கா பூசுக்கான்னான். எந்த எண்ணெய்னு கேக்கல. நாத்தம் வந்தப்ப டிரம்முன்னு நெனச்சிருப்பான், உங்கள மாதிரியே. இந்த அறைக்குள்ள கால் வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

உக்காருங்க, உக்காருங்க. ஆமா, எல்லா சாக்குலயும் வேப்பெண்ணெய்தான். எதை வேணா அவிழ்த்துப் பாருங்க, ஏழும் ஒண்ணுதான்.

கழுவினா போயிடுமா? நானும் அப்படி நெனச்சுதான் ஒரு பிடி எடுத்து மூணு தண்ணி அலசி, ஊறவச்சு, வேகவச்சேன். வாசல்ல படுத்திருக்கே நாய், அதுக்கு வச்சேன். மோந்துட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு. சொத்துத் தகராறு உங்களுக்குள்ள, இதுல நான் என்ன பண்ணேன்னு கேக்கற மாதிரி.

உங்களை ஏமாத்தறதா இருந்தா எடை போட்டு லாரில ஏத்தினப்புறம் சொல்லியிருப்பேன். இது இனிமே சட்டிக்கு ஆகாது, தரகரே. மண்ணுக்குத்தான் ஆகும். மூணு சாக்கு எங்க நிலத்துக்கு. மூணு பங்குக்கும் சேத்துத்தான், நான் யாரையும் ஒதுக்கல. மிச்சம் நாலு சாக்கு, விதை கேட்டு வர்றவங்களுக்கு.

தம்பிங்க கத்தட்டும். நல்லா கத்தட்டும். நான் பதிலுக்குக் கத்த மாட்டேன், எனக்கு அது வராது. இந்த முக்காலியிலேயேதான் இருப்பேன்.

லாரிகிட்டதானே போறீங்க, பெரியவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. அடுத்த அறுவடைக்கும் இதே யோசனை வந்தா இப்பவே தெரிஞ்சுக்கட்டும். நான் வாங்கினது ரெண்டு லிட்டர். சாக்குக்கு இருபத்தஞ்சு கிலோ, கால் லிட்டர் பிடிச்சுது. ஏழு சாக்குக்கும் பூசினது போக, கால் லிட்டர் மிச்சம் இருக்கு.