ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லையாம்

டேங்க்காரன்: அக்கா, நில்லுங்க... அந்தக் குடுவையை எதுக்கு ஸிங்க்கிட்ட கொண்டுபோறீங்க?

குடுவைக்காரி: தாலாட்டுப் பாடத்தான். கேக்குறான் பாரு கேள்வி! கொட்டிக் கழுவிக் கவுத்துடுன்னு நம்ம லேப் பெரியவர் சொல்லிட்டாரு.

டேங்க்காரன்: இன்னிக்கேவா?

குடுவைக்காரி: ஜீன் ரிசல்ட்தான் வந்துடுச்சே! நீ டேங்க்ல உறைய வச்ச செடி செல்லுக்கும் நான் குடுவையில வளக்குற செல்லுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லையாம். அப்புறம் எதுக்கு வாராவாரம் நான் இதுக்குச் சோறு ஊட்டணும்? உன் டேங்க்ல சோறும் வேணாம், ஆயாவும் வேணாம்.

டேங்க்காரன்: ஒரே ஒரு குடுவையாவது...

குடுவைக்காரி: ஏன், மாலை போட்டு மாட்டவா? "அக்கா செல்லு வளர வளர ஜீன் கெட்டுப்போகும், என் செல்லு வச்சது வச்சபடி தூங்கும்"னு பீத்திக்கிட்டது யாரு?

டேங்க்காரன்: அது வாய்க்கொழுப்புக்கா.

குடுவைக்காரி: அட, ஒத்துக்கிட்டான்! இன்னிக்கு மழைதான்.

டேங்க்காரன்: விளையாடாதீங்க. இந்தச் செடி இப்ப எந்தக் காட்டுலயும் இல்ல. உங்களுக்கு மனசே வலிக்கலையா?

குடுவைக்காரி: கைதான் வலிக்குது. உன்கிட்ட பத்திரமா தூங்குதுல்ல? தள்ளு...

டேங்க்காரன்: தூங்கல.

குடுவைக்காரி: என்னது?

டேங்க்காரன்: செத்துப்போச்சு. லீவுக்குப் போறப்ப டேங்க்கைக் குளிரா வைக்கிற நைட்ரஜன் ஊத்த மறந்துட்டேன். வந்து பாத்தா டேங்க் காஞ்சு கிடக்கு. ஒரு குப்பிகூடப் பொழைக்கல.

குடுவைக்காரி: அப்ப பரிசோதனைக்கு எதைடா அனுப்பின?

டேங்க்காரன்: ...உங்க குடுவையிலேர்ந்து கொஞ்சம்.

குடுவைக்காரி: அடப்பாவி! என் செல்லையே என் செல்லோட ஒப்பிட்டுட்டு, வித்தியாசம் இல்லன்னு ஊரெல்லாம் கேக் குடுத்தியே!

டேங்க்காரன்: எவ்வளவு வேணாலும் திட்டுங்க. குடுவையை மட்டும் கீழ வைங்க. உறைய வைக்காத அசல் செல்லு உலகத்துலயே இதுல மட்டும்தான் இருக்கு.

குடுவைக்காரி: அசலா...

டேங்க்காரன்: ஏன்க்கா, அசல்தானே?

குடுவைக்காரி: இதைப் பிடி முதல்ல. பத்திரம்டா... அசல் போன வருஷமே பூஞ்சை பிடிச்சுப் போயிடுச்சு. உன் டேங்க்லேர்ந்து ஒரு குப்பியைத் திருடி, உருக்கி வளத்ததுதான் இது.

டேங்க்காரன்: அப்ப உறைஞ்சதுல ஜீன் மாறுச்சா, மாறலையா?

குடுவைக்காரி: ஒப்பிட்டுப் பாக்க எது மிச்சம் இருக்கு, சொல்லு?

டேங்க்காரன்: ஐயோ... பெரியவர் கொட்டச் சொல்லாம இருந்திருந்தா நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

குடுவைக்காரி: அவர் எங்கடா சொன்னாரு? இவ்வளவு ஒத்துப்போனா சந்தேகம் வரும், மறுபடி ஒரு தடவை பரிசோதிச்சா என் குட்டு வெளிய வந்துடும்னு நானாத்தான் கொட்ட வந்தேன்.