பின் சீட்டில் ஏறிப் பார்த்த அம்மா

சகாயம் அண்ணே, இன்று சின்னாளபட்டி பஸ்சில் ஒரு அம்மாவும் மகனும் பேசியதைக் கேட்டேன். மகனுக்கு முதல் பைக் வாங்க, இரண்டு வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"ஓட்டப்போறது நானு. நீ எதுக்கும்மா ரெண்டுலயும் பின்னாடி ஏறி உக்காந்து பாத்த? கடையே சிரிச்சுச்சு."

"சிரிக்கட்டும்லே. முந்நூத்தம்பது சிசில சேலையோட ஒருபக்கமா உக்கார முடியுது. நீ கேக்குற இருநூத்தம்பதுல ஏற எனக்கு ஏணி வேணும்."

"சிசி கம்மின்னாலும் அதுதாம்மா வேகமாப் போகும்."

"போ. என்னைய எறக்கிவிட்டுட்டுப் போ."

"நீதான் தறி வேலைக்கு பஸ்லயே போவியே."

"மகன் வண்டி வாங்குன பெறகும் எதுக்குலே பஸ்சு?"

மகன் அம்மா பக்கம் திரும்பினான்.

"சரி, முந்நூத்தம்பதே எடுப்போம். சேலை சக்கரத்துல சிக்காம கம்பியும் போடச் சொல்றேன்."

நீ ஆசைப்பட்டதும் அந்த உயரமான வண்டிதான் அண்ணே. நம்ம அம்மாவிடம் பஸ்சில் கேட்டதைச் சொல்லவில்லை, உன் நினைப்பு வந்து அழுவார்கள்.

படிக்கிறவர்கள் எல்லாரும், எங்களை விட்டுப்போன சகாயம் அண்ணனுக்காக ஒருதடவை செபம் பண்ணுங்கள்.