லீவு கிடைக்காதவர்கள்

— மெதுவா மிதி வேலப்பா. மாப்பிள்ளையோட அம்மா கப்பல் பார்க்கணுமாம்.

— இன்னும் எத்தினி கப்பலு சார்? தூத்துக்குடில இன்னா, பாலைவனமா கீது?

— ஏ ரிக்சாக்காரா, எங்க ஊர்ல கப்பல் அஞ்சு மைல் தள்ளில்லா நிக்கும். இங்கன வாசல்லயே கட்டிப் போட்டிருக்கான். ஆமா யேசுதாஸ் தம்பி, நாளைக்கு லூர்துக்குக் கல்யாணம். அவ அக்கா, ஒங்க வீட்டுக்காரி சிலுவையம்மாளக் காணோமே?

— பெங்களூர்ல டீச்சர் டிரெயினிங்மா. லீவு இல்லை.

— ஒரு நாள் கூடவா?

— ஒரு நாள் கூட.

— எம் மூத்த மவன், மாப்பிள்ளையோட அண்ணன் செல்வநாதனுக்கும் அப்படித்தான். கொழும்புல வேல. லீவு தரமாட்டேன்னுட்டான். இதானா பர்மா பஜார்? நிறுத்துய்யா.

— நீங்க போய்ப் பாருங்கம்மா. நான் வண்டிகிட்ட நிக்கிறேன்.

— இன்னா சார், லீவு இல்லன்னு கல்லு மாரி சொல்ற? போன வருசம் சிலுவை அக்காவ டி.பி. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனது இதே வண்டிதான்.

— மாமனார் சொல்லச் சொன்னார். டி.பி.ல செத்த வீடுன்னு தெரிஞ்சா லூர்து வேண்டாம்னு போயிடுவாங்க.

— அப்ப உன்ன ஏன் சார் ஊரு சுத்திக் காட்ட அனுப்ச்சாரு?

— வீட்டில இருந்தா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்திடுமாம்.

— தோடா! அதுக்கு மூஞ்சிய அவங்க கூடவே அனுப்ச்சிட்டாரா?

— தம்பி! இங்கன வாங்க. இந்த நைலக்ஸ் சேலை லூர்துக்கு. ஒங்க வீட்டுக்காரிக்கும் ஒண்ணு எடுக்கேன். என்ன கலர் பிடிக்கும்?

— வேண்டாம்மா.

— சும்மா சொல்லுங்கய்யா.

— பச்சை.

— ஆளு ஒல்லியா, தடியா?

— ஒல்லி. கடைசியில ரொம்ப ஒல்லி.

— கடைசியிலயா?

— கடைசியா ரயில் ஏத்தி விட்டப்போ. கொழும்புக்காரருக்கு ஒண்ணும் எடுக்கலையா?

— அவனுக்கா? சட்டை அளவு மறந்துபோச்சு. வாங்க போவோம். வேலப்பா, வழியில ஒங்க மாதா கோயில்கிட்ட நிறுத்து.

— காலீலயே பூசைக்கு வந்தீங்களே பெரிம்மா?

— வந்தேன். ஆறு மணிப் பூசை. யாருக்காகப் பூசைன்னு சாமியார் கருத்து வாசிச்சாரு. "யேசுதாசின் மனைவி சிலுவையம்மாள், முதலாம் ஆண்டு, ஆத்தும இளைப்பாற்றிக்காக"ன்னு.

— அய்ய! பேஜாராப் பூட்ச்சே சார்!

— மூணு மாசம் முன்னாடி எழுதிக் கொடுத்தேன். கல்யாணத் தேதி வச்சப்போ நினைப்பு வரலை. அம்மா, லூர்துக்கு ஒண்ணும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாச்சு. கல்யாணத்தை நிறுத்திடாதீங்க.

— யாருய்யா நிறுத்துதா? பச்சையையும் லூர்தே கட்டட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் செய்யுங்க.

— சொல்லுங்க.

— வர்ற மாசம் பதினெட்டாம் தேதி ஒங்க ஆளுக ஒருத்தரும் தூத்துக்குடியில பூசை பார்க்க வந்துராதீங்க. அன்னைக்குத்தான் எங்க செல்வநாதனுக்கு முதலாம் ஆண்டு. அதே சீக்கு.