மூணாவது டெமோ

இருங்க சார், அடுத்த பக்கத்துக்குப் போகாதீங்க. இந்தக் கலர் கலர் வட்டமெல்லாம் எங்க மேனேஜருக்குக் காட்டுங்க, மயங்கிடுவாரு. எனக்குத் தேடுற இடத்த மட்டும் காட்டுங்க.

ரெண்டு செகண்டா? உங்க சாம்பிள்ல தேடுனா எல்லாந்தான் ரெண்டு செகண்ட்ல வரும். எங்க ஃபயர்வால் தினம் நாப்பது லட்சம் வரி எழுதுது. எந்தக் கம்ப்யூட்டர், எத்தன மணிக்கு, எங்க என்ன அனுப்புச்சுன்னு ஒண்ணு விடாம. அந்த லாகத்தான நேத்து உங்களுக்கு அனுப்புனேன்? அதுல தேடுங்க.

சந்தேகப் பேர்வழின்னு நெனச்சுக்கங்க, பரவால்ல.

மார்ச் ஒம்பதாந்தேதி. டிராயிங் ரூம் கம்ப்யூட்டர். வெளிய போன பெரிய ஃபைல். ம், ஒரே வரிதான் வரும். நேரம் என்ன போட்டுருக்கு?

சாயங்காலம் மூணு அம்பதா? நல்லாப் பாருங்க சார். காலைல பத்து இருவது இல்ல? உங்க சாஃப்ட்வேர் எதையாவது கூட்டிக் கழிச்சுக் காட்டுதா? தானாவா? யாரக் கேட்டுக் கூட்டுது?

இல்ல, கோபமெல்லாம் இல்ல. தண்ணி குடிங்க.

இத்தன நாளா எதுல தேடுனேனா? நானே எழுதுன ஸ்கிரிப்ட், நாலே வரி புரோகிராம். அதுல பத்து இருவதுன்னுதான் வந்துச்சு. புதுப் பொட்டி மாட்டுன வாரம் அது. பழைய ஃபயர்வால் நம்ம ஊரு நேரத்த எழுதும். புதுசு உலகப் பொது நேரத்த எழுதிட்டு, கடைசில ஒரு இசட் எழுத்தப் போடும். நம்ம நேரம் வேணும்னா அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். நான் அந்த எழுத்தக் குப்பைன்னு நெனச்சு ஸ்கிரிப்ட்ல வெட்டிவிட்டுட்டேன். தினமும் யாரு சார் லாகப் படிக்கிறா? ஏதாவது காணாமப் போனாத்தான திறக்கிறோம்.

காணாமப் போச்சு. எங்க டிசைன் அப்படியே போட்டிக் கம்பெனிக்குப் போயிடுச்சு. அந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டு மணி வரைக்கும் ஒரு அம்மா, அப்புறம் இன்னொருத்தர். பத்து இருவதுன்னா யாரு? அந்தம்மாதான்னு நான் எழுதிக் குடுத்தேன். அன்னிக்கே வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. கெளம்பும்போது அழக்கூட இல்ல. நேரத்த இன்னொரு தடவ பாருப்பான்னு மட்டும் சொன்னாங்க. நான் பாக்கல. அந்த இன்னொருத்தர் இன்னும் அதே சீட்லதான் இருக்காரு. தினம் எனக்கு வணக்கம் வேற வைக்கிறாரு.

உங்களுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனி டெமோ காட்டுனாங்க. ரெண்டுலயும் இதையேதான் தேடச் சொன்னேன். மூணு அம்பது, மூணு அம்பது. ஒருத்தராவது பத்து இருவதுன்னு காட்டிட மாட்டாங்களான்னு பாத்தேன். நீங்க மூணாவது.

வெல எல்லாம் மேனேஜர்கிட்ட பேசிக்கங்க, நான் சரின்னு சொல்லிடறேன். இந்தப் பக்கத்த மட்டும் ரெண்டு பிரிண்ட் போட்டுக் குடுங்க. ஒண்ணு மேனேஜருக்கு. இன்னொண்ணு நானே கொண்டுபோய்க் குடுக்கணும். கதவத் திறப்பாங்களான்னு தெரியல. அஞ்சு மாசமா எங்க அண்ணன் என் போன எடுக்கிறதில்ல.

ஆமா சார், அந்தம்மா எங்க அண்ணிதான். சொந்தம்னு பாக்காம எழுதிக் குடுத்தேன்னு மேனேஜர் அன்னிக்கு எனக்குக் கை குடுத்தாரு.