கல்லுக்குக் குத்திய பச்சை

"ஆக்ராவுல ராசா அரமனைச் செவுத்துக்குப் பச்சை குத்தியிருக்காங்க, புள்ள."

மலையடிவாரத்துக் காரவள்ளியில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை. யுத்த காலம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த, மலைமேல் குண்டூர் நாட்டுக்காரர் ஒருவர், எனக்கு முன்னால் நின்று தம் மனைவியிடம் சொன்னது இது. அவள் அந்த வெயிலிலும் வலக்கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"கல்லுல எப்படிங்க மை எறங்கும்?"

"மை இல்ல. வெள்ளைக் கல்லுல பூவாட்டமே குழி வெட்டறாங்க. அந்தக் குழிக்குச் சரியா செவப்புக்கல்லு, பச்சைக்கல்லு அறுத்து ஒட்டித் தேய்ச்சர்றாங்க. தடவுனா மேடுமில்ல, பள்ளமுமில்ல."

"தடவிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். காவக்காரன் தடியெடுத்துட்டு வந்துட்டான்."

"எதுக்குங்க அதையெல்லாம் போயித் தொடறீங்க?"

"உன்ற கை நெனப்பு வந்துருச்சு."

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை. எனக்கும் மண்ணெண்ணெய் அப்படியொன்றும் அவசரமில்லை.

"டவுனெல்லாம் பாத்த மனுசருக்குப் பச்சை குத்துன கை பட்டிக்காடாத் தெரியும்னு உங்க தங்கச்சி சொல்லுச்சுங்க."

"அதுக்கா நான் வந்ததுலேருந்து மூடியே வெச்சிருக்கற? சுளுக்குன்னு நெனச்சு, எண்ணெய் போட்டு நீவியுடட்டுமான்னு கேட்டனே!"

முந்தானை விலகியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சைக் கொடி, கொடி நிறையப் பூ. அந்தக் கையாலேயே டின்னைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"ஏனுங்க, கல்லுக்கு வலிச்சிருக்காதுங்களா?"

"அது சத்தமே போடலை. நீதான் பச்சை குத்தறப்ப ஊரையே கூட்டினியாமா, உங்கம்மா சொன்னாங்க."