பொத்தானின் முதுகெலும்பு

அவையின் மாண்பு காக்கும் தலைவர் அவர்களே! அனுபவத்தில் பழுத்த பெரியோர்களே! மடியில் பூனையும் மனத்தில் கவலையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! குரைத்து என்னை வரவேற்ற நாலுகால் நண்பர்களே! இந்தக் கால்நடை மருத்துவனின் கனிந்த வணக்கம்.

தெளிவுரை ஆற்ற அழைத்தீர்கள். குழம்பியவன் வந்திருக்கிறேன்!

நம் தையல்காரரின் நாய் பொத்தான். பாய்ந்த கால்கள் பின்னின. முதுகைத் தொட்டால் முனகியது. தண்டுவடத்தில் அழற்சியா? முதுகெலும்பில் தொற்றா? உடல் தன்னையே தாக்கும் அழற்சி என்றால் ஸ்டீராய்டு அடக்கும். கிருமி என்றாலோ, அதே மருந்து கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும்! எக்ஸ்ரே எடுத்தேன், விடையில்லை. இரத்தம் பார்த்தேன், விடையில்லை. இன்று காய்ச்சலில் தள்ளாடும்; நாளை துள்ளி ஓடும். என்ன நோயய்யா இது?

என்ன சொல்கிறீர்கள்? "வேற டாக்டரப் பாத்திருக்கலாமே"யா? நானும் அதைத்தான் நினைத்தேன்!

"நல்லா ஓடுச்சு டாக்டர், உங்க கைராசி!" என்றார் தையல்காரர். நானோ சத்து மருந்தைத் தவிர எதுவும் தரவில்லை!

முடிவில் அழற்சி என்றே துணிந்து, "ஸ்டீராய்டு தருகிறேன்" என்று பேனாவைத் திறந்தேன். அவர் மனைவி மெல்லக் கேட்டார்:

"என் மூட்டுவலி மாத்திரையும் அதுதானே டாக்டர்? இவரு துணி குடுக்கப் போற அன்னிக்கெல்லாம் பாதியா வெட்டி, ரொட்டியில வெச்சுக் குடுத்தேன். வலியில கத்துதுங்க. சொன்னா இவரு திட்டுவாரு..."

துணி வெட்டும் கத்திரிக்கோலால் வெட்டிய அரை மாத்திரை! அது காய்ச்சலை மறைத்தது, வலியை மறைத்தது, என் கண்ணையும் மறைத்தது. பேனாவை மூடினேன். மறுபடி படம் எடுத்தோம். முதல் படத்தில் தெரியாத தொற்று, முள்ளெலும்புகளுக்கு நடுவே இதற்குள் எலும்பை அரித்திருந்தது.

அந்த அம்மாவின் இசைவோடுதான் சொல்கிறேன். நிமிர்ந்து உட்காருங்கள் அம்மா! குற்றம் யாருடையது? வலி பொறுக்காத அன்பினுடையதா? திட்டுக்கு அஞ்சிய நாவினுடையதா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. கிருமிக்கான மருந்து தொடர்கிறது. நேற்றுப் பொத்தான் எழுந்து நின்றது, மறுபடி உட்கார்ந்துவிட்டது. நடக்குமா? தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். அது வாயில்லா ஜீவன், சொல்லவில்லை. வாயுள்ள நாம் ஏன் சொல்லவில்லை? ஒளித்துக் கொடுத்ததைச் சொல்லுங்கள்! பயந்து கொடுத்ததைச் சொல்லுங்கள்! பாசத்தில் கொடுத்ததையும் சொல்லுங்கள்! இந்த மருத்துவன் திட்டமாட்டான்!

என்னம்மா, கை தூக்குகிறீர்கள்? பூனைக்கா? ஐயா, நீங்களுமா? அடடா, அங்கேயும் இரண்டு கைகள்... தலைவர் அவர்களே, தாங்களுமா?

பொறுமையாய்க் கேட்ட நெஞ்சங்களுக்கு நன்றி, வணக்கம். யாரும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மேடைக்கு இடப்பக்கம் வரிசையாய் வாருங்கள்.